கறார் பேசிய விலை

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டிலும் மின்சார பில்லிலும் மட்டும் பிழைத்துக் கிடந்தது. மற்றபடி அலுவலகத்திலும் தெருவிலும் அவர் கறார்தான். கிண்டலுக்கு வைத்த பெயர். அவரோ அதை விருது மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார்.

பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். பிளாஸ்டிக் விற்க வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், அவர்கள் சொன்ன விலையை அவர்கள் வாயாலேயே குறைக்கவைப்பார். அவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உங்களுக்காகத்தான் சார், வேற யாருக்கும் இந்த விலை கிடையாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கறாரைப் பார்க்க வரும்போது மட்டும் விலையைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது வாசல் செக்யூரிட்டி உட்பட அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர். வெற்றி மேல் வெற்றியாக வந்துகொண்டிருந்ததில் அவருக்கு யோசிக்க நேரமில்லை.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மொத்தமாக விலை பேசுகிறவன் முட்டாள். எதையும் உருப்படி உருப்படியாகப் பிரித்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். வெங்காயம் உரிப்பது மாதிரிதான், ஆனால் அழுவது எதிராளியாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வருகிற வழியிலும் அந்த வாய் சும்மா இருக்காது. பழக்கடையில் பேசுவார், தையல்காரரிடம் பேசுவார், செருப்பு தைக்கிறவரையும் விடமாட்டார். பையோடு வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு தனிக் களை இருக்கும். "என்ன விலை சொன்னார், என்ன விலைக்கு வாங்கினேன்னு கேளு" என்பார். மனைவி கேட்பாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களை யாராலயும் ஏமாத்த முடியாதுங்க" என்பாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொள்வாள். "அடடா, தீப்பெட்டி மறந்துட்டேன். இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள்.

இந்த மறதிதான் கறாருடைய வாழ்க்கையில் இருந்த ஒரே குறை. அவள் மாலையில் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்கு டியூஷன் எடுப்பவள். பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்வாள். வட்டிக் கணக்கெல்லாம் பேனாவைத் தொடாமலே போடுவாள். ஆனால் தீப்பெட்டி மட்டும் அவள் மண்டையில் நிற்காது. அதுவும் எப்படியோ கறார் எதையாவது வாங்கி வந்த நாளாகப் பார்த்துத்தான் மறக்கும். "எதையும் திட்டம் போட்டுச் செய்யணும். ஒரு தடவை போறப்பவே எல்லாத்தையும் வாங்கிடணும்" என்று அவர் பாடம் நடத்துவார். அவள் தலையாட்டுவாள். அடுத்த வாரமே மறுபடி மறப்பாள்.

அவளுடைய தங்கை ஒருமுறை வந்து தங்கியிருந்தபோது இதைப் பார்த்துக் கலங்கிப்போனாள். "அத்தான், அக்காவை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள். கறார் காட்டினார். டாக்டரின் ஃபீஸையும் பேசிக் குறைத்தார். வெளியே வந்து படி இறங்கும்போது மனைவி, "கர்ச்சீப்பை உள்ளயே வெச்சுட்டேன்" என்று மறுபடி டாக்டர் அறைக்குள் போய்விட்டு வந்தாள். கர்ச்சீப் என்னவோ இடுப்பில்தான் இருந்தது. வியாதி முற்றிவிட்டது என்று கறார் அன்றைக்கே முடிவு கட்டினார்.

இந்த லட்சணத்தில்தான் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. பழைய மேடை நடுவில் விரிசல் விட்டு, அதில் தண்ணீர் இறங்கி, கீழே அலமாரிக் கதவெல்லாம் ஊறி உப்பிக் கிடந்தது. கறார் நாலு பேரிடம் விசாரித்து, இந்த ஏரியாவுக்குப் புதிதாக வந்து தொழில் தொடங்கியிருந்த ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தார். புதியவர் என்றால் பசியோடு இருப்பார், பசியோடு இருப்பவர் இறங்கி வருவார் என்பது கணக்கு. ஆள் மெலிந்தவர், குரல் அதைவிட மெலிந்தது. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவு டேப் வைத்திருந்தார்.

அவரைக் கூடத்தில் உட்காரவைத்து கறார் உரிக்கத் தொடங்கினார்.

"பித்தளைக் குழாய் எதுக்கு? தண்ணிக்குத் தெரியவா போகுது? முலாம் பூசினது போதும்."

"சரிங்க சார்."

"அலமாரிக்கு எதுக்குத் தண்ணி ஊறாத பிளைவுட்? நாங்க என்ன அலமாரிக்குள்ள குளிக்கவா போறோம்? சாதா போடுங்க."

"சரிங்க சார்."

"கீல்?"

"நீங்க சொல்றதையே போட்டுடலாம் சார்."

இப்படி ஒயர், சுவிட்சு, சிங்க், பெயிண்ட் என்று ஒவ்வொன்றாக இறங்கினார்கள். ஒரு இடத்தில்கூட கான்ட்ராக்டர் முரண்டு பிடிக்கவில்லை. இத்தனை சுலபமாக ஒருவர் இறங்கினால் உனக்கும் எனக்கும் சந்தேகம் வரும். கறாருக்குத் தன் திறமையின் மேல் மரியாதைதான் கூடியது. மனைவி ஓரமாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேடைக்குப் போடுகிற கல். கல் விற்கிற கூடத்துக்கு அவளே கறாரையும் கூட்டிக்கொண்டு போய், வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கரும்பச்சைக் கல். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கும். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றதைக் கறாரே பார்த்தார். விலை பேசுகிற நாளுக்கு முதல் நாள், டியூஷனில் சேர்த்த பணத்தை ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. இந்தக் கல்லு மட்டும் இதேதான் வேணும். இதுல மட்டும் விலை பேசாதீங்க."

இதுல மட்டும் விலை பேசாதே என்பது, எறும்பிடம் சர்க்கரையைக் காட்டிவிட்டு நீ போகலாம் என்பது மாதிரி. பேச்சு முடிந்து கான்ட்ராக்டரை வழியனுப்பக் கேட் வரைக்கும் போன கறார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கல்லு மாதிரியே வேற மலிவுல இருக்குமே? பார்க்க ஒண்ணா இருந்தா போதும். வீட்ல சொல்ல வேண்டாம்."

கான்ட்ராக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வழக்கம்போல, "சரிங்க சார்" என்றார்.

கல்லை மாற்றியதில் கவரில் மிச்சமான பணத்தைக் கறார் வங்கியில் வட்டிக்குப் போட்டார். சொந்தச் செலவுக்கா எடுத்தோம், வீட்டுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு தடவை சொன்னால் போதுமானதைப் பல தடவை சொல்லவேண்டியிருந்தது.

வேலை நடந்தது. பழைய பரணை இடித்த அன்று அதிலிருந்து தீப்பெட்டிகள் கொட்டின. ஒன்றிரண்டு இல்லை, கட்டுக் கட்டாக, பை பையாக. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டு அடுப்பு, குமிழைத் திருகினால் தானே பற்றிக்கொள்கிற அடுப்பு. கறார் அந்தக் குவியலைப் பார்த்துக் கண் கலங்கினார். "பாவம், வாங்கினதையும் மறந்துடறா" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார். கான்ட்ராக்டர் திரும்பி நின்று சுவரை அளக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அளந்த சுவர்தான்.

புதுச் சமையலறை பளிச்சென்று வந்துவிட்டது. மனைவி தினமும் வேலை முடிந்ததும் மேடையைத் துடைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஈரமில்லாத கையால் தடவிப் பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கறாருக்கு நெஞ்சில் ஏதோ அடைக்கும். வாயுத் தொல்லை என்று வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் பில் வந்தது.

அலுவலகத்தில் இருக்கும்போது போனுக்கு வந்தது. பேசிய விலையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். விவரம் எதுவும் இல்லை, மொத்தத் தொகை மட்டும். கறாருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு ஆள் கையில் சிக்கி! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மடித்து முடிப்பதற்குள் கல் ஞாபகம் வந்தது. சண்டை போட்டால் கான்ட்ராக்டரும் வாயைத் திறப்பார். வாயைத் திறந்தால் கல் வெளியே வரும். கல் வெளியே வந்தால் அந்தக் கவரைக் கொடுத்தவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஊரையே பேச்சால் மடக்குகிற மனிதர், ஒரு மெலிந்த ஆளிடம் சத்தம் போட முடியாமல் நாற்காலியில் சரிந்தார்.

வீட்டில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அன்று மாலை பிள்ளைகள் போனதும் பட்டும் படாமல் ஆரம்பித்தார்.

"கான்ட்ராக்டர் பில் அனுப்பியிருக்கார். ஏத்திட்டார்."

பலகையில் மறுநாள் கணக்கை எழுதிக்கொண்டிருந்த மனைவியின் கையில் சாக்பீஸ் நின்றது. "ஏத்திட்டாரா? எவ்வளவு?"

சொன்னார். அவள் முகம் மாறியது. அவர் நினைத்ததைவிட அதிகமாகவே மாறியது.

"நீங்க விடுங்க. நான் போன் பண்ணிப் பேசறேன்" என்றாள் அவசரமாக.

"நீ எதுக்கு? இதெல்லாம் உனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும். எனக்குப் பகல்ல சும்மாதானே? நேர்லயே போய்ட்டு வந்துடறேன்."

"வேண்டாம், வெயில்!"

"குடை இருக்கு."

"போறதுக்குள்ள எதுக்குப் போறோம்னே மறந்துடுவே."

அவள் சாக்பீஸைப் பெட்டியில் போட்டு மூடினாள். கறார் தப்பித்த மூச்சை மெதுவாக விட்டார். அவளும் ஏதோ யோசனையோடு உள்ளே போனாள்.

மறுநாள் காலையிலேயே அவர் கிளம்பிவிட்டார். கான்ட்ராக்டரின் ஆபீஸ் இரும்புச் சாமான் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. சுவரெல்லாம் மாதிரி டைல்ஸ் சாய்த்து வைத்திருந்தது. ஒரு மூலையில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் கான்ட்ராக்டரின் மகள். படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் பில் வேலையெல்லாம் இப்போது அவள்தான் பார்க்கிறாள். கான்ட்ராக்டர் அப்போதுதான் யாரிடமோ போன் பேசி முடித்திருந்தார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொன்னது படியேறும்போதே கேட்டது.

கறாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார். அந்த பில்லை விட்டுடுங்க. கம்ப்யூட்டர்ல தப்பா வந்துடுச்சு. நாம பேசின விலைதான். அதை மட்டும் குடுங்க, போதும்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கியிருப்பார்கள். பணமும் மிச்சம், கல்லும் பத்திரம். ஆனால் கறாருக்கு ஒரு ஆள் தானாக இறங்கினால் தாங்காது. தான் அடித்து இறக்கியிருக்க வேண்டும். சண்டைக்கு மடித்த சட்டைக் கை அப்படியே இருக்கிறது, எதிராளி வெள்ளைக் கொடியை விரித்துவிட்டு நிற்கிறார். அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"தப்பா எப்படி வரும்? இவ்வளவு சீக்கிரம் இறங்கறீங்கன்னா, பேசின விலையிலயே ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்."

"ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடாம பண்ணிட்டீங்க. அதுக்கு என்ன கழிக்கப் போறீங்க?"

கான்ட்ராக்டர் கையைப் பிசைந்தார். "நீங்களே சொல்லுங்க சார். எவ்வளவு கழிக்கணுமோ கழிச்சுக்கோங்க."

இதுவும் பிடிக்கவில்லை கறாருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படி மொட்டையாச் சொன்னா ஆகாது. முதல்ல எதுக்கு ஏத்தினீங்க? உருப்படி உருப்படியாச் சொல்லுங்க."

"வேண்டாம் சார்."

"சொல்லுங்கன்னா!"

"சொல்லாம இருந்தா நல்லதுன்னு பார்க்கறேன் சார்" என்றார் கான்ட்ராக்டர். அந்த மெலிந்த குரலில் கெஞ்சல் இருந்தது. கறாருக்கு அது பயம் என்று பட்டது. மேஜையைத் தட்டினார். கல் விஷயம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவிலேயே இல்லை. மறதி அவர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

கம்ப்யூட்டர் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. "அப்பா, நான் சொல்லிடறேன்" என்றாள் மகள்.

"பாப்பா, சும்மா இரு."

"எத்தனை நேரம்ப்பா நிப்பீங்க?" அவள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாள். "குழாய் சார். நீங்க முலாம் பூசினது கேட்டீங்க. போட்டிருக்கறது பித்தளை. அலமாரிக்குச் சாதா பிளைவுட் கேட்டீங்க. போட்டிருக்கறது தண்ணி ஊறாதது. கீல், ஒயர், சுவிட்சு, எல்லாமே நீங்க வேண்டாம்னு சொன்ன நல்ல ரகம்தான். நீங்க எதையெல்லாம் குறைச்சீங்களோ, அதுதான் சார் ஏறியிருக்கு. நாங்க புதுசா ஒரு பைசா சேர்க்கலை."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"அம்மாவைக் கேட்டு."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டு அம்மா சார்."

கறார் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் டைல்ஸைப் பார்த்தார்.

"கல்லு?" என்று கேட்டார் கறார். கேட்க வேண்டாம் என்று நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"அதுவும்தான் சார்" என்றாள் மகள். இப்போது அவள் குரலிலும் வேகம் குறைந்திருந்தது. "நீங்க கேட்ல நின்னு மாத்தச் சொன்னீங்களாமே, அதையும் மாத்தலை. அவங்க தேர்ந்தெடுத்த அதே கல்லுதான் உங்க வீட்ல இருக்கு."

அதன் பிறகு மறைக்க ஒன்றும் இல்லாததால் கான்ட்ராக்டரும் உட்கார்ந்தார். "விலை பேச நீங்க கூப்பிட்ட அன்னிக்குக் காலையிலயே அம்மா போன் பண்ணிட்டாங்க சார். 'அவர் எதைக் குறைச்சாலும் சரின்னு சொல்லிடுங்க, எதிர்த்துப் பேசாதீங்க. போடறது மட்டும் முதல்ல சொன்னதையே போடுங்க. மிச்சத்தை நான் டியூஷன் காசுல மாசாமாசம் தந்துடறேன்'னாங்க. அப்புறம், 'கடைசியா தனியாக் கூப்பிட்டுக் கல்லையும் மாத்தச் சொல்வார். அதுக்கும் சரின்னுடுங்க'ன்னாங்க."

"அன்னிக்குக் காலையிலயா?"

"ஆமா சார். நீங்க கேட்ல சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

கறாரின் முகத்தில் ஈயாடவில்லை. கல்லை மாற்றலாம் என்ற எண்ணம் அவருக்கே கேட்டுக்குப் போகிற வழியில்தான் தோன்றியது. அதை அவள் காலையிலேயே, அவருக்குத் தோன்றுவதற்கு முன்பே, போனில் சொல்லிவிட்டிருக்கிறாள். பணக் கவரைக் கையில் கொடுத்து, இதுல மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"தப்பு என் மேலதான் சார்" என்றாள் மகள். "நாங்க ஏரியாவுக்குப் புதுசு. உங்க வீட்டுக்கு ரெண்டு பில் போடணும், சின்னது உங்களுக்கு, மிச்சம் அம்மாவுக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க எல்லாரும் அப்படித்தானாமே."

"எல்லாருமா?"

கான்ட்ராக்டருக்குப் பெரிதாக இருமல் வந்தது. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

கறார் போனை எடுத்தார். அந்தக் கவர் பணத்தின் மிச்சம் வட்டிக்குக் கிடந்தது. அதை உடைத்தார். மொத்த பில்லையும் அனுப்பினார். அனுப்புகிற பொத்தானை அழுத்தும் முன் அவர் வாய் அவரைக் கேட்காமலே, "கடைசியா என்ன விலைன்னு..." என்று ஆரம்பித்தது. பாதியில் மென்று விழுங்கினார். கான்ட்ராக்டர் அது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். நல்ல மனிதர்.

அலுவலகம் போகத் தோன்றவில்லை. வீட்டுப் பக்கமாக நடந்தார். தெரு முனையில் பழக்கடைக்காரர் வழக்கம்போலக் கூப்பிட்டார். "சார், ஆப்பிள் வந்திருக்கு. பாருங்க, கல்லு மாதிரி இருக்கு."

இன்றைக்கென்று கல்தான் கிடைத்ததா இவருக்கு! கறார் நின்றார். விலை கேட்டார். சொன்னார். கறார் பாதிக்குக் கேட்டார்.

"சரி, எடுத்துக்கோங்க சார்" என்று பழக்கடைக்காரர் பையை விரித்தார்.

எத்தனையோ வருஷமாகக் கேட்கிற அதே சரிதான். இன்றைக்குத்தான் அதன் வேகம் காதில் விழுந்தது. பாதி விலைக்கு விற்கிற முகமா இது? வாயெல்லாம் பல்லாக நிற்கிறாரே.

"பாதிக்குக் குடுத்தா உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?"

"அது... உங்களுக்காகத்தான் சார்."

"நான் போனதும் வீட்ல இருந்து வருவாங்களா?"

பழக்கடைக்காரர் துடைத்த ஆப்பிளையே மறுபடி துடைத்தார். "அம்மா தீப்பெட்டிக்கு வருவாங்க சார்."

"இங்க தீப்பெட்டி விக்கறீங்களா?"

"இல்லை சார்" என்றார் அவர் மிகவும் மெதுவாக. "அது பக்கத்துக் கடையில."

பரணிலிருந்து கொட்டிய தீப்பெட்டிகள் கறாரின் கண் முன்னால் மறுபடி கொட்டின. பழம், செருப்பு, சட்டை, டாக்டர். அவர் ஜெயித்து வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெட்டி, டாக்டருக்கு மட்டும் ஒரு கர்ச்சீப். ஊரே கைதட்டிய அத்தனை வெற்றிக்கும் டிக்கெட் வாங்கியது அவள். அவர் மேடையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது. பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"முழு விலை எடுத்துக்கோங்க."

பழக்கடைக்காரர் பயந்துவிட்டார். "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சமையலறையில்தான் இருந்தாள். அவரை அந்த நேரத்தில் பார்த்ததும், கை துடைத்துக்கொண்டே வேகமாக வந்தாள்.

"என்னங்க ஆச்சு? அவர் என்ன சொன்னார்? ஏத்தினதைக் குறைச்சுட்டாரா?"

"பேசி முடிச்சுட்டேன்" என்றார் கறார்.

அவள் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும். உங்களை யாராலயும் ஏமாத்த முடியாது." பிறகு அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "ஆப்பிளா? என்ன விலை சொன்னார், என்ன விலைக்கு வாங்கினீங்க?"

இத்தனை வருஷமும் அவர் ஆசையாகச் சொன்ன பதில் இன்றைக்கு வாயில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. நெற்றியில் தட்டிக்கொண்டாள். "பாருங்க, தீப்பெட்டி மறந்துட்டேன். இதோ வந்துடறேன்." சின்னப் பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தாள்.

"வேண்டாம்" என்றார் கறார். "பழத்துக்கு முழுசாவே குடுத்துட்டு வந்துட்டேன். கான்ட்ராக்டருக்கும் முழுசா குடுத்துட்டேன்."

அவள் அப்படியே நின்றாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்று வெறுங்காலாக இருந்தது. திரும்பவில்லை.

"கல்லுக்குமா?" என்று கேட்டாள்.

"கல்லுக்கும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று கறார் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. மிகவும் களைத்திருந்தாள். ரொம்ப தூரம் சுமந்து வந்த குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார் அவர். கேட்ட பிறகுதான் அது வெறும் சப்பைக்கட்டு என்பது அவருக்கே தெரிந்தது.

"சொல்லியிருந்தா நீங்க தோத்துட்டு வந்திருப்பீங்க. கல்யாணமான புதுசுல ஒருதடவை ஒரு கடைக்காரர் உங்களுக்கு இறங்கி வரலை. ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் என்கிட்டயே பேசலை நீங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன். உங்களை ஜெயிக்கவெச்சுட்டா வீடு நிம்மதியா இருக்கும்னு. மலிவாத்தான் தெரிஞ்சுது அப்போ."

கறார் பழப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பணம் போனாப் போகுதுங்க. அது சம்பாதிச்சுக்கலாம். ஆனா மறதிக்காரின்னு பேர் வாங்கினேனே! என் தங்கச்சி எனக்காக அழறா. டியூஷன் பிள்ளைங்களோட அம்மாக்கள், 'உங்களால இன்னும் சொல்லித்தர முடியுதா'ன்னு கேக்கறாங்க. டாக்டர் முன்னாடி உக்காரவெச்சு, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லச் சொன்னீங்க. எனக்கா கிழமை தெரியாது?" குரல் இப்போதுதான் உடைந்தது. "எனக்கு எதுவும் மறக்காதுங்க. நீங்க குறைச்ச ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. இதுக்கெல்லாம் நான் யாருக்கு பில் போடறது?"

கறாருக்குச் சட்டென்று ஒரு சமாதானம் சொல்லத் தோன்றியது. மன்னித்துவிடு என்று மொத்தமாக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மொத்தமாகப் பேசி முடிப்பவனைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. பழப் பையைக் கீழே வைத்தார்.

"எனக்குப் போடு" என்றார். "உருப்படி உருப்படியாச் சொல்லு."

அவள் நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று தேடினாள் போலிருக்கிறது. பிறகு படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. நேரமாகும்."

கறார் எதுவும் குறைக்கச் சொல்லாமல் உட்கார்ந்தார்.